பின்னால் ஓடும் முயல்

பொம்மை பத்து வெள்ளியைத் தாண்டக்கூடாது,
பாட்டரியில் ஓட வேண்டும்,
கத்தி கூடாது, தீ கூடாது, தண்ணீர் கூடாது,
மேசையை விட்டு விழுந்தால் தோல்வி.
டேவான் கதவில் ஒட்டிய தாளில்
இவ்வளவுதான் சட்டம்.
வயதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

ரூபனேஷை இறக்கிவிட வந்தவள்தான் நான்.
அக்காள் மகன். பையில் டைனோசர்.
பகாவ் மழை பிடித்துக்கொண்டது,
மோட்டார் சைக்கிளைத் திருப்ப மனமில்லை.
எதிர்க்கடையில் ஒரு முயல் தொங்கியது,
கழுத்தில் மேளம்,
எட்டு வெள்ளி தொண்ணூறு சென்.

வெய் ஜியான் கைப்பேசி பழுது பார்க்கிற பையன்.
அவன் மீசை வருவதா வேண்டாமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.
"அக்கா, முதுகைக் கிழிங்க."
அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்,
அன்று காலை அதற்காகவே கற்றுக்கொண்டானாம்.

நான் கையுறைக் கம்பெனியில் ஓட்டை தேடுகிறவள்.
காற்றடைத்து, விளக்கில் தூக்கிப் பிடித்து,
ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் கை.
ஊசிமுனை அளவு ஓட்டை என்றாலும்
கூடையில் எறிய வேண்டும்.
பதினோரு வருடத்தில்
நானாக எதையும் கிழித்ததில்லை.

கத்தரி இறங்கியதும்
பஞ்சு மூச்சு விடுவதுபோல் வெளியே வந்தது.
உள்ளே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மோட்டார்.
சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர்,
பல் தேய்ந்த சக்கரம் மூன்று.
இதற்குத்தானா இத்தனை குதிப்பு
என்று கேட்டேன், வாய்விட்டே.
யாரைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

ரப்பர் வாசம் ஊறிய மூக்குக்கு
ஈயப்புகை புதுசு.
சுட்டுக்கொண்டேன். கட்டைவிரல்.
கையுறை போடச் சொல்லி நீட்டினான்.
கொஞ்சம் சிரித்துவிட்டேன்.

உடைந்த காரிலிருந்து இன்னொரு மோட்டார்.
ஒரு சக்கரம் மைலோ டின் மூடி,
மறு சக்கரம் அதைவிடச் சின்னது, ஊறுகாய் மூடி.
பொத்தானை அமுக்கினால்
முயல் பின்னால் ஓடியது,
அதுவும் கோணலாக.
ஒயர் மாறிவிட்டது, திருப்பிவிடலாம் என்று
மலாயில் சொன்னான்.
வேண்டாம் என்றேன்.
ஏன் வேண்டாம் என்று அவனும் கேட்கவில்லை,
எனக்கும் காரணம் இல்லை.

முதல் சண்டை சந்தனசாமி அண்ணனோடு.
செம்பனைக்குலை லோரி ஓட்டுகிறவர்,
கொண்டுவந்ததும் தீயணைப்பு வண்டி,
முன்னால் சோற்றுக் கரண்டி.
"பாத்து, தங்கச்சி" என்றார், ஜெயித்தவர் குரலில்.
வண்டி பாய்ந்தது.
முயல் அவர் முகத்தையே பார்த்தபடி,
மேளம் அடித்தபடி,
மரியாதையாகப் பின்வாங்கி
ஒரு பக்கம் ஒதுங்கியது.
வண்டிக்கு ஒதுங்கத் தெரியவில்லை.
கரண்டி தரையில் விழுந்த சத்தம்
கோயில் மணி மாதிரி இருந்தது எனக்கு.

அடுத்தது ரூபனேஷ்.
சித்தி என்று பார்க்கவில்லை அவன்.
டைனோசர் ஒரு காதைக் கவ்வி
தலையையே பிய்த்தெடுத்தது.
தலை மேசைக்குக் கீழே, மேளமும் கீழே.
கை மட்டும் நிற்காமல்
மேளம் இருந்த இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
ஓரம் வரை தள்ளினான், விழுந்தது.
அவன் கத்திய கத்தலில்
எனக்கும் தொண்டை கட்டியது.

ராத்திரி ஷிப்டு.
ரோட்டுப் பள்ளத்தில் குலுங்கி
கூடைக்குள் முயல் தானாக ஓட ஆரம்பித்து
சாப்பாட்டு டப்பாவைத் தட்டிக்கொண்டே வந்தது.
கேட்டில் நேப்பாளக்காரர் பிஸ்வா
பையைத் திறக்கச் சொன்னார்.
தலையில்லாத முண்டம், இரண்டு கை.
"இது யாரு?"
"சண்டைக்காரன்."
டார்ச்சை அணைத்து உள்ளே விட்டார்.

மூன்று மணி இருக்கும்.
விளக்கில் தூக்கிய ஒரு கை
ஐந்து விரலும் விரிய நின்றது.
மணிக்கட்டு ஓரத்தில் தடித்த வளையம்.
வெட்டியெடுத்தால்
மைலோ மூடிக்கு டயர் ஆகும், வழுக்காது.
ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது.
கூடையில் எறியவில்லை.